விளக்குமாற்றுக் காட்சி

நவம்பர் 24, திங்கள்

அறுபது அட்டைகளையும் எழுதி முடித்துவிட்டேன். முப்பது பெண்கள் பிடித்துக்கொண்டு போக, சிவப்பு எழுத்தில்: ‘அடித்தால் கேட்போம்’. முப்பது ஆண்களுக்கு, நீலத்தில்: ‘நான் அடிக்க மாட்டேன்’. ஈரக்காற்றில் பெயின்ட் காயவில்லை. இரண்டு அட்டையில் ‘டே’வின் கொம்பு வழிந்து ஓடிவிட்டது. திரும்ப எழுதினேன்.

நாளை முதல் பதினாறு நாள் இயக்கம். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக எங்கள் மையம் வருடாவருடம் நடத்துவது. ஊர் ஊராக வீதி நாடகம். பத்தாம் தேதி திண்டுக்கல்லில் பேரணியும் கூட்டமும். நாடகத்தின் பெயர் ‘கேக்க ஆளிருக்கு’. ஆறு வருடமாக நான்தான் மாடசாமி, குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கிறவன். ஆறடி உயரம், இந்த மீசை, இந்தக் குரல். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? பெண்டாட்டி மாரியாக பஞ்சவர்ணம். பறை, பாட்டு, போலீஸ்காரர் எல்லாம் காசிமாயன். மற்ற நாளில் எனக்குச் சுவரும் போர்டும் எழுதுகிற வேலை.

புது விளக்குமாறு ஒன்று வாங்கினேன். பழையது மொட்டையாகிவிட்டது. கடைசிக் காட்சியில் மாரி அதை எடுத்து மாடசாமியை விரட்டி விரட்டி அடிப்பாள். ஊரே எழுந்து கைதட்டுகிற இடம் அது.

மதுரையிலிருந்து ஜெசி போன் செய்தாள். நர்சிங் முதல் வருடம், ஹாஸ்டல். இந்த வருடமாவது நாடகம் பார்க்க வா என்றேன். பரீட்சை இருக்கிறதாம். போன வருடமும் பரீட்சைதான்.

நவம்பர் 25, செவ்வாய்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட். இருநூறு பேர் இருக்கும். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. விளக்குமாற்றுக் காட்சியில் பஞ்சவர்ணத்தின் கை தவறி ஒரு அடி என் இடது முழங்கைக்குக் கீழே விழுந்தது. அங்கே பழைய வடு ஒன்று இருக்கிறது. பைக் சைலன்சர் சுட்டது. புது ஈர்க்கு, சுரீர் என்றது. அடுத்த வசனம் மறந்துவிட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவை. காசிமாயன் பறையை ஓங்கி அடித்துச் சமாளித்தான்.

“என்னாச்சுண்ணே, நின்னுட்டீக?” என்று வேனில் கேட்டாள் பஞ்சவர்ணம்.

தொண்டை கட்டிவிட்டது என்றேன்.

நவம்பர் 26, புதன்

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நாடகம் முடிந்து வேஷ்டி மாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். மழை விட்ட பிறகும் குடையை விரித்தே பிடித்திருந்தார். பேர் பொம்முராஜ், ரேஷன் கடையில் எடை போடுகிறவர் என்று சொன்னார்.

“ஏங்க, அந்தம்மா வெளக்கமாத்தால அடிக்கிறப்ப நெசமாவே வலிக்குமா?”

“இல்லங்க, நடிப்புதான்.”

“எல்லாரும் சிரிச்சாய்ங்களே.”

“ஆமா.”

பிறகு, நாங்கள் கொடுத்த துண்டறிக்கையில் இருக்கும் மையத்தின் நம்பருக்கு யார் வேண்டுமானாலும் பேசலாமா என்று கேட்டார். சிநேகிதர் ஒருவருக்காகவாம். பேசலாம் என்றேன். துண்டறிக்கையை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். குடையைப் பிடித்த கையில் சுட்டுவிரல் வளைந்திருந்தது. ஒடிந்து, கட்டுப் போடாமல் தானாகச் சேர்ந்த விரல். பார்த்தால் எனக்குத் தெரியும்.

நவம்பர் 27, வியாழன்

இரண்டு ஊர். இரண்டு இடத்திலும் நல்ல கைதட்டல். கையில் தேங்காயெண்ணெய் தடவினேன்.

நவம்பர் 28, வெள்ளி

செம்பட்டியில் நாடகம் தொடங்கும் முன்பே பொம்முராஜ் வந்து நின்றார். பஸ் ஏறி வந்திருக்கிறார்.

“போன் பண்ணேங்க. ஒரு பொண்ணு எடுத்துச்சு. பாதிக்கப்பட்டவங்க உங்க சம்சாரமா மகளான்னு கேட்டுச்சு. இல்லம்மா, ஆம்பளைன்னேன். இது பெண்கள் உதவி எண்ணு சார்னு வச்சுருச்சு. கோவமா எல்லாம் பேசல. நல்லாத்தான் பேசுச்சு.” கடைசி வார்த்தையை எனக்கு ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்.

என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

மாலையில் திலகவதி மேடத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பின்னறையில் ஒரே ஒரு பாயோடு இந்த மையத்தைத் தொடங்கியவர். ஆம்பளை யாராவது போன் செய்தால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்ல முடியாது சவரி. நம்மகிட்ட அதுக்கு ஏற்பாடு இல்ல.”

“நெசமா அடி வாங்குனவனா இருந்தா?”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “இருக்காங்க. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கதவத் திறந்தா மொதல்ல யாரு உள்ள வருவான் தெரியுமா? அடிச்சவன். நானும்தான் பாதிக்கப்பட்டேன்னு சொல்லிக்கிட்டு, பொண்டாட்டிய எங்க தங்க வச்சுருக்கோம்னு மோப்பம் பிடிக்க வருவான். ரெண்டு தடவ நடந்துருக்கு. ஒருத்தி செத்திருப்பா.”

“அப்ப மத்தவனுக்கு?”

“வேற யாராச்சும் செய்யட்டும்.”

“யாரு மேடம்?”

மேடம் பேரணி அனுமதிக் கடிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன். சிநேகிதருக்காகத்தான் கேட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நாடகத் துணிகளைத் துவைத்துப் போட்டேன், மழை பிடித்துக்கொண்டது. மாடசாமியின் லுங்கி கிழிந்திருந்தது, தைத்தேன். மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை. ஜெசி இருந்தபோது வைத்த அளவே வருகிறது.

டிசம்பர் 1, திங்கள்

ஒட்டன்சத்திரம் போகும் வழியில் வேனில் சொன்னேன். கடைசிக் காட்சியை மாற்றலாம். விளக்குமாறு வேண்டாம். ஊர்க்காரர்கள் வந்து மாடசாமியைப் பிடித்துக்கொடுப்பதுபோல் வைக்கலாம்.

பஞ்சவர்ணம் திரும்பி என்னைப் பார்த்த பார்வை! “ஏன்?”

“சிரிக்கிறாங்க. அடி வாங்குறதப் பாத்துச் சிரிக்கக் கத்துக்குடுக்குறோம்.”

“யாரு அடி வாங்குறதப் பாத்து? மாடசாமி அடி வாங்குறதப் பாத்து. சிரிக்கட்டும். அண்ணே, ஏழு வருசம் நான் அடி வாங்கியிருக்கேன். தாடைக்குள்ள இன்னும் தகடு கெடக்கு. வெளக்கமாத்த நான் கையில எடுத்தது இந்த நாடகத்துலதான். அதுவும் நடிப்புக்கு. அதையும் பிடுங்குவீகளா?”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அதனால்தான் என் வாய் என்னைக் கேட்காமலேயே திறந்துகொண்டது போலிருக்கிறது. சட்டைக் கையை மேலே ஏற்றி வடுவைக் காட்டினேன்.

“சைலன்சரு சுட்டதுன்னீகளே.”

“தோசக்கரண்டி.”

காசிமாயன் வேனை ஓரம் கட்டினான். பஞ்சவர்ணம் வடுவைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். தொடவில்லை. “அடுப்புல வச்சுக் காய்ச்சி வச்சதா?” என்று கேட்டாள். அனுபவப்பட்டவள் கேட்கிற கேள்வி. ஆமாம் என்றேன்.

“இத்தன வருசம் என் கையால அடி வாங்குனீகளேண்ணே, தெனமும்” என்றாள். அழுகையா கோபமா என்று தெரியவில்லை. அன்றைய நாடகத்தில் விளக்குமாற்றைத் தரையில் மட்டும் அடித்தாள். கூட்டம் கைதட்டவில்லை. இறங்கும்போது, “காட்சியே செத்துப்போச்சு” என்றாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

மழை. நாடகம் ரத்து.

போன வாரம் இந்த நோட்டில் சைலன்சர் என்று எழுதியிருக்கிறேன். வேறு யாரும் படிக்காத நோட்டில்கூட.

எழுதிவிடுகிறேன். எட்டு வருடம். முதல் வருடம் சொல் மட்டும். ஜெசிக்கு நாலு வயதான பிறகு கை. அப்புறம் கையில் எது இருக்கிறதோ அது. ரெஜினா சின்ன உருவம், என் தோளுக்குக்கூட வரமாட்டாள். யாரிடம் சொன்னாலும் முதலில் எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி மனசுக்குள் அளந்து பார்ப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். திருப்பி ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நின்றிருக்கும் என்று அவள் அண்ணனே சொன்னார். என் அப்பா என் அம்மாவைத் தட்டிய தட்டெல்லாம் பார்த்து வளர்ந்தவன் நான். என் கை எழவில்லை.

கை வெந்த அன்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மீசைய எடுத்துட்டு வா, எழுதிக்கிறேன்” என்றார். மற்ற இருவர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஜெசிக்குப் பதினொரு வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு வெளியேறினேன். ரெஜினா இப்போது திருப்பூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளைப் பற்றி எனக்கு வேறு ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். பக்கத்து வீட்டிலிருந்து பொரி உருண்டை கொடுத்துவிட்டார்கள்.

மத்தியானம் வெள்ளை கார் ஒன்று வந்து வாசலில் நின்றது. ரகோத்தமன், வக்கீல். கணவர்கள் சங்கம் ஒன்றின் மாவட்டத் தலைவர் என்று அட்டையைக் கொடுத்தார். நேற்று ராத்திரி பொம்முராஜ் போன் செய்தபோது அவரிடமும் என் கதையைச் சொல்லியிருந்தேன்; அவர் இவர்களுக்கும் போன் செய்து என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்து என் வடுவைப் பார்த்தார், போனில் படம் எடுக்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், ஏழு வருடத்தில் ‘உங்களுக்கு நடந்தது கொடுமை’ என்று என் முகத்துக்கு நேரே சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“சனிக்கெழம நம்ம கூட்டம். நீங்க பேசணும். அந்த மையத்துல ஆறு வருஷம் இருந்துருக்கீங்க. அங்க பொம்பளைங்க எப்படிப் பொய்க் கேஸ் ஜோடிக்கிறாங்கன்னு உள்ள இருந்து பாத்தவர் நீங்க. அதச் சொன்னாப் போதும்.”

“எனக்கு நடந்ததச் சொல்லணுமா, அதச் சொல்லணுமா?”

“ரெண்டும். ஆனா அதுதான் முக்கியம்.”

“எங்கூட நடிக்கிற பொண்ணுக்குத் தாடையில தகடு இருக்குங்க. அது பொய்யா?”

“ஒண்ணு ரெண்டு உண்மையா இருக்கும்.”

“நானும் அந்த ஒண்ணு ரெண்டுல ஒருத்தன்தான சார் உங்களுக்கு?”

அவர் சிரித்துச் சமாளித்தார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்திருக்கிறவருக்கு நான் எழுந்து நின்றால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். இந்த உடம்பு அதற்காவது உதவுகிறது. “என் காயத்த வச்சு அவ காயத்த அழிக்க விடமாட்டேன். பொரி உருண்டை இருக்கு, எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க” என்றேன்.

எடுத்துக்கொள்ளாமல் போனார்.

டிசம்பர் 4, வியாழன்

பஞ்சவர்ணத்திடம் சொன்னேன்: “காட்சி உன்னோடது. அத நான் கேக்க மாட்டேன். ஒடம்பு என்னோடது. அத இனிமே நான் குடுக்க மாட்டேன். வேற மாடசாமியப் பாத்துக்கங்க.”

அவள் வெகுநேரம் யோசித்து, “சரி” என்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

காசிமாயன் மாடசாமியானான். நான் பறை எடுத்தேன். ஐந்தடி மாடசாமியைப் பார்த்துக் கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரித்தது. பஞ்சவர்ணம் பழையபடி அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் நான் பறையில் ஒரு அடி போட வேண்டும். போட்டேன்.

டிசம்பர் 5, வெள்ளி

பேரணி ஏற்பாட்டுக் கூட்டம். மேடம், கோ-ஆர்டினேட்டர் ஆஷா, நாங்கள் மூவர், இன்னும் ஏழெட்டுப் பெண்கள். பாதிக்கப்பட்டோர் பேசும் நேரம் என்று நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டேன்.

“எதுக்குண்ணே?” என்றாள் ஆஷா. சிரித்த முகத்தோடுதான் கேட்டாள்.

“நான் பாதிக்கப்பட்டவன்.”

பஞ்சவர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். நான் நாலு வாக்கியத்தில் சொன்னேன். மேடத்தின் முகம் மாறியது. ஆனால் பதில் மாறவில்லை.

“சவரி, எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. இத நீங்க தனியா எங்கிட்ட சொல்லியிருக்கலாம். ஆனா பத்தாம் தேதி பேப்பர்க்காரங்க வருவாங்க. நாப்பது பொண்ணுங்க பேசுனாலும் மறுநாள் தலைப்பு நீங்கதான். ‘மனைவியிடம் அடி வாங்கிய கணவர்’னு. அத்தன பேரோட கதையும் அடியில போயிரும்.”

“அதுக்கு நான் என்ன மேடம் செய்யறது? பேப்பர்க்காரன் தப்புக்கு என் வாயக் கட்டுறீங்க.”

“ஆண்கள் வரிசை இருக்குல்லண்ணே, அதுல முன்னாடி நில்லுங்க” என்றாள் ஆஷா. “உங்களுக்கே நடந்தது, நீங்களே ‘நான் அடிக்க மாட்டேன்’னு பிடிச்சா நல்லா இருக்கும்.”

“நான் எப்பம்மா அடிச்சேன்? அடிக்காதவன் எதுக்குச் சத்தியம் பண்ணணும்? அந்த முப்பது அட்டையும் நான் எழுதுனது. ஒண்ணகூட நான் பிடிக்க மாட்டேன்.”

எழுந்து வந்துவிட்டேன். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். நான் கதவை ஓங்கிச் சாத்தினால் அந்த அறையில் இருக்கிற பாதிப் பேருக்கு உடம்பு தூக்கிப்போடும். அது எனக்குத் தெரியும். எனக்கும் தூக்கிப்போடும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

டிசம்பர் 6, சனி

யாரிடமும் சொல்லாதது இன்னும் ஒன்று இருக்கிறது.

நான் மையத்துக்கு நடிக்க வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன், ஜெசியோடு தனியாக வந்து ஒரு வருடமாகியும் ராத்திரித் தூக்கம் வராமல், ஒரு வியாழக்கிழமை காலை அந்தப் படியேறினேன். யாரிடமாவது சொன்னால் போதும் என்றிருந்தது. பெஞ்சில் ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு பெண் எழுந்து உள்ளே ஓடினாள். மேசையில் இருந்தது மேடம்தான். “என்ன வேணும்? பொண்டாட்டிய தேடி வந்தீங்களா?” என்று கேட்டார். சுவரில் நாடகத்துக்கு ஆண் நடிகர் தேவை என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதைக் கை காட்டினேன்.

மேடம் என் மீசையைப் பார்த்துவிட்டு, அச்சு அசல் மாடசாமி என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

மதுரைக்குப் போனேன். ஜெசியை ஹாஸ்டலுக்கு எதிரே இருக்கும் கடைக்குக் கூட்டிப்போய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பத்தாம் தேதி நான் என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். அவள் சம்மதம் இல்லாமல் செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன்.

பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், தின்னவில்லை.

“அப்பா, நான் ஏன் நாடகம் பாக்க வரலன்னு தெரியுமா?”

“பரீட்சைன்னு சொன்ன.”

“போன்ல ஒருத்தி வீடியோ காட்டுனா. உங்கள வெளக்கமாத்தால அடிக்கிறாங்க, சுத்தி நின்னு சிரிக்கிறாங்க. அது என் அப்பான்னு நான் அவகிட்ட சொல்லல.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “தோசக்கரண்டி அடிக்கடி காணாமப் போகும், ஞாபகம் இருக்கா? நான்தான் அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வைப்பேன். அன்னைக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு வைக்காமப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பாத்தா உங்க கையில கட்டு.”

கரண்டி காணாமல் போனதற்கும் சேர்த்து நான் வாங்கியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. சாகும்வரை சொல்ல மாட்டேன்.

“சொல்லுங்கப்பா. அம்மா பேரு மட்டும் வேணாம்.”

“பேரு யாருக்கு வேணும்” என்றேன்.

ஒன்பது வயதுப் பிள்ளையை அரிசி டிரம்முக்குக் காவல் வைத்த வீடு அது. பயம் என்று எதையாவது இனிமேல் வைத்துக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

நாடகம் நேற்றோடு முடிந்தது. இன்று எனக்கு ஒரு அட்டை எழுதினேன். கறுப்பு எழுத்து. ‘என் வீட்டில் என்னை எட்டு வருடம் அடித்தார்கள்.’

கீழே ‘நான் திருப்பி அடிக்கவில்லை’ என்றும் எழுதினேன். பிறகு அதன்மேல் வெள்ளை பூசிவிட்டேன். அடி வாங்கியதைச் சொல்ல, நல்லவன் என்று சான்றிதழ் எதற்கு?

டிசம்பர் 10, புதன்

முன்னால் பெண்கள், அடுத்துக் கல்லூரி மாணவிகள், கடைசியில் நீல அட்டையோடு ஆண்கள். அவர்களுக்கும் பின்னால் பத்தடி விட்டு நான் நின்றேன்.

பாதுகாப்புக்கு நின்ற பெண் போலீஸ் அட்டையைப் படித்துவிட்டு, “என்ன சார், காமெடியா?” என்றார்.

“இல்லம்மா.”

என் முகத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, “வழி விடுங்க, வழி விடுங்க” என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

டீக்கடையில் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். ஒருவன் ஓடிவந்து செல்ஃபி எடுக்கலாமா என்றான். “எடுத்துக்க. எழுத்தும் விழணும்” என்றேன். எழுத்து விழ வேண்டுமென்றால் அவன் படிக்க வேண்டும். படித்தான். போனை இறக்கிவிட்டுப் போனான்.

பாதி வழியில் ஆஷா ஓடிவந்தாள். “அண்ணே ப்ளீஸ், மடக்கிருங்க. எல்லாரும் உங்களத்தான் படம் எடுக்குறாங்க.”

“அதுக்குத்தான் கடைசியில வர்றேன். முன்னாடி இருக்கவங்கள எடுத்து முடிச்சுட்டு வரட்டும்.”

மணிக்கூண்டு தாண்டும்போது பக்கத்தில் யாரோ நடப்பது தெரிந்தது. பொம்முராஜ். “நான் அட்டையெல்லாம் பிடிக்க மாட்டேங்க. சும்மா கூட வர்றேன். யாராச்சும் கேட்டா உங்ககூட வந்தவன்னு சொல்லுவேன்.” இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். மைதான வாசலில் கூட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். இதுவரை போதும் என்றார். எனக்கும் அது போதும்.

உள்ளே முதல் இரண்டு வரிசை நாற்காலிகளில் ‘பாதிக்கப்பட்டோர்’ என்று தாள் ஒட்டியிருந்தது. இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அட்டையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆஷா வந்தாள். “அண்ணே, இது பாதிக்கப்பட்டவங்களுக்குப் போட்டது.”

“தெரியும்மா.”

“அப்பறம்?”

“அதான் உக்காந்துருக்கேன்.”

அவள் மேடையைத் திரும்பிப் பார்த்தாள். மேடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையை அசைக்கவில்லை; இரு என்றும் இல்லை, எழு என்றும் இல்லை.

எனக்கு இடதுபக்கம் பழனியிலிருந்து வந்த ஒரு அம்மா. அட்டையைப் படித்தார், என்னைப் பார்த்தார், சேலையை இழுத்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். வலித்தது. ஆனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆறடி ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு என்ன நினைப்பு வருமோ, யார் கண்டது. நான் எழுந்து வரிசையின் கடைசி நாற்காலிக்குப் போனேன். அவருக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இருக்கட்டும். வரிசையை விட்டு மட்டும் போகவில்லை.

பஞ்சவர்ணம் ஏழாவதாகப் பேசினாள். தாடைத் தகட்டைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் வழுக்கி விழுந்தேன் என்று பொய் சொன்னதைச் சொன்னாள். முடிக்கும்போது மைக்கை விடாமல் நின்றாள்.

“எங்கூட நடிச்சவரு ஒருத்தரு ரெண்டாவது வரிசையில உக்காந்துருக்காரு. அவரு கதைய அவருதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். ஆனா அவரு எடம் தப்பி உக்காரல. அவ்வளவுதான்.”

கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். நிறையப் பேர் தட்டவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுப்பவில்லை.

டிசம்பர் 11, வியாழன்

பேப்பரில் என் படம் வரவில்லை. பஞ்சவர்ணத்தின் படம் வந்திருக்கிறது. நல்ல படம்.

டிசம்பர் 12, வெள்ளி

மேடம் கூப்பிட்டு அனுப்பினார். டீ கொடுத்தார். நேற்றிலிருந்து மையத்துக்கு நாலு போன் வந்திருக்கிறதாம். நாலும் ஆண்கள். பஸ்ஸில் வந்தவர்கள், கடையில் நின்றவர்கள், அட்டையைப் படித்தவர்கள்.

“பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில ஒரு ரூம் கேட்டுப் பாக்குறேன். மையத்துக்குள்ள வேணாம், இங்க தங்கியிருக்கவங்களுக்குப் பயம் வரக்கூடாது. வாரத்துல ஒரு நாள் நீங்க உக்காருங்க. போர்டு கீர்டு எதுவும் வேணாம். வாய்வழியாத் தெரிஞ்சு வரட்டும்.”

“ரூம் வேற எடத்துல இருக்கட்டும் மேடம். அது நியாயம். ஆனா போர்டு வேணும்.”

“ஏன் அடம் பிடிக்கிறீங்க?”

“போர்டு இல்லாட்டி அவன் படியேற மாட்டான். ஏறுனாலும் பொய் சொல்லிட்டு எறங்கிருவான். நான் அப்படித்தான் எறங்குனேன்.”

சொன்னேன். வியாழக்கிழமை, பெஞ்சு, ஓடிய பெண், சுவரில் இருந்த தாள். மேடம் டீ டம்ளரை வைக்கவும் மறந்து கையிலேயே பிடித்திருந்தார்.

“நான் அன்னைக்கு உங்ககிட்ட என்ன கேட்டேன்?”

“பொண்டாட்டிய தேடி வந்தீங்களான்னு.”

டம்ளரை மெதுவாக மேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான், கேட்டிருந்தால் நான் பரவாயில்லை என்று சொல்லித் தொலைத்திருப்பேன். பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை அது.

“மையத்தோட பேருல ஒரு போர்டு வைக்கறதுன்னாக்கூட கமிட்டி முடிவு பண்ணணும் சவரி. பாதிப் பேரு எதிர்ப்பாங்க. நானே எந்தப் பக்கம்னு எனக்கே இன்னும் தெரியல.”

“கமிட்டி என்னைக்கு மேடம்?”

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு என்றார். என்னை வரச் சொல்லவில்லை.

போகிறேன்.